புகார் வரவில்லையாம்!
கிருமியோடு வாழும் தொழிலாளிக்குச் சட்டம் எங்கே?

எச்.ஐ.வி. கிருமி உடலில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கக் கூடாது. வேலைக்கு ஆள் எடுக்கும்போது ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் எடுப்போம் என்று சொல்லக் கூடாது. வாடகை வீட்டைக் காலிசெய் என்று விரட்டக் கூடாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் தனியாக ஒதுக்கி வைக்கக் கூடாது. இவையெல்லாம் நாம் எழுப்பும் கோஷங்கள் அல்ல. பார்லிமெண்ட் 2017இல் நிறைவேற்றி, 2018 செப்டம்பர் 10ஆம் தேதியிலிருந்து அமலில் இருக்கும் சட்டத்தின் ஷரத்துக்கள்.

இந்தச் சட்டத்தைப் பற்றி உங்கள் மில் நோட்டீஸ் போர்டில் ஒரு வரியாவது ஒட்டியிருக்கிறதா? நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு ஸ்தாபனமும் ஒரு புகார் அதிகாரியை நியமிக்க வேண்டும் என்கிறது சட்டம். உங்கள் மில்லில் அந்த அதிகாரி யார்? அவர் எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார்? மாநில சர்க்கார் நியமிக்க வேண்டிய குறைதீர்ப்பு அதிகாரி, அதாவது ஓம்புட்ஸ்மன், எந்த ஊரில் இருக்கிறார்? பத்துத் தொழிலாளிகளைக் கேட்டுப் பாருங்கள். ஒருவராவது சரியான பதில் சொன்னால் நமக்குச் சந்தோஷமே.

நிர்வாகிகளைக் கேட்டாலோ, பாடம் பண்ணி வைத்தாற்போல் ஒரே பதில்: "அந்த மாதிரிப் புகார் எதுவும் எங்களுக்கு வரவில்லை."

வரவில்லைதான். அது வாஸ்தவம். ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி.

நிர்வாகிகளை விடுங்கள். நாள்பட்ட கிருமி நோயோடு வாழ்கிறவர்களுக்குச் சட்டத்தால் ஆகவேண்டிய உதவி என்னவென்று ஆராய்ச்சி செய்யப் புறப்படுகிற படித்தவர்களும் பலசமயம் இதே வழியில்தான் போகிறார்கள். கோர்ட்டில் எத்தனை வழக்கு, இலவச சட்ட உதவி கேட்டு எத்தனை மனு என்று கட்டுகளைப் புரட்டி எண்ணுகிறார்கள். நாலைந்து தேறுகிறது. அவ்வளவுதான் தேவை என்று எழுதிவிடுகிறார்கள். வாளியை இறக்காமலே கிணற்றில் தண்ணீர் இல்லை என்று சொல்கிற கதை இது. யாருக்குச் சட்டம் மிக அவசியமோ, அவன்தான் கோர்ட்டுப் படியில் கால் வைக்கவே மாட்டான். அவனுடைய தேவை எந்தக் கட்டிலும் எழுதப்பட்டிராது.

சென்ற ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்கிறோம். ஊரையும் மில்லையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஒரு நூல் மில். ஸ்பின்னிங்கில் சைடராகப் பதினான்கு வருஷ சர்வீஸ் உள்ள ஒரு தொழிலாளி. இலவச மருத்துவ முகாம் என்று சொல்லி மில்லுக்குள்ளேயே எல்லோரிடமும் ரத்தம் எடுத்தார்கள். எதைச் சோதிக்கப்போகிறார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை, சம்மதமும் கேட்கவில்லை. சம்மதமில்லாமல் எச்.ஐ.வி. சோதனை செய்வதே சட்டவிரோதம் என்பதைத் தோழர்கள் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

பத்து நாள் கழிந்தது. ஆபீஸில் கூப்பிட்டார்கள். "உன் நன்மைக்குத்தான் சொல்கிறோம். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு. கணக்கைத் தீர்த்து உடனே கையில் கொடுத்துவிடுகிறோம். விஷயம் வெளியே போகாது" என்றார்கள். மிரட்டலுக்கு எவ்வளவு நயமான பாஷை, பாருங்கள்!

அன்றிரவு, கடைசி ஷிப்ட் உள்ளே போன பிறகு, அவர் சங்க ஆபீஸுக்கு வந்தார். சட்டம் அவர் பக்கம் இருந்தது. நீக்குவதானால், இவரால் வேலையிடத்தில் மற்றவருக்கு நோய் தொற்றும் பெரிய அபாயம் இருக்கிறது, அல்லது இவரால் இந்த வேலையைச் செய்ய முடியாது என்று, மில்லைச் சாராத தகுதியுள்ள மருத்துவர் எழுத்துமூலம் தர வேண்டும். வேறு வேலையோ வசதியோ செய்து கொடுப்பதில் தனக்கு என்ன நஷ்டம், என்ன கஷ்டம் என்று முதலாளியும் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு நகலும் தொழிலாளி கைக்கு வர வேண்டும். இரண்டுமே இல்லை. வழக்குப் போட்டால் நிற்கும் என்று விளக்கினோம். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தோழர், சம்மன் வந்தால் எந்த விலாசத்துக்கு வரும்? வீட்டுக்கா?"

பெயரை மறைத்து வழக்கு நடத்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மூடிய அறையில் விசாரிக்கச் சொல்லிக் கேட்கலாம். அதையும் சொன்னோம். "பேரை மறைச்சிடலாம் தோழர், ஊர் வாயை என்ன செய்யறது?" என்றார். மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்த சமயம் அது. மறுநாள் காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டார். மில் ரிஜிஸ்தரில் ‘சொந்தக் காரணங்களுக்காக விலகினார்’ என்று இருக்கிறது. அவர் நின்ற சைடில் இப்போது காண்டிராக்டு ஆள் நிற்கிறான், குறைந்த கூலிக்கு.

ஆக, மில் நிர்வாகம் பொய் சொல்லவில்லை. புகார் வரவில்லை!

அந்தத் தொழிலாளி பக்கத்தில் நின்றால் நோய் தொற்றுமா? தொற்றாது. எச்.ஐ.வி. பரவுவது ரத்தத்தின் மூலம், உடலுறவின் மூலம், தாயிடமிருந்து குழந்தைக்கு, அவ்வளவுதான். வியர்வையில் இல்லை, மூச்சில் இல்லை, தண்ணீர்க் குவளையில் இல்லை, மெஸ் சாப்பாட்டில் இல்லை, கக்கூஸில் இல்லை. தினசரி மாத்திரையை விடாமல் சாப்பிட்டு வந்தால், சோதனையில் அகப்படாத அளவுக்குக் கிருமி அடங்கிப்போகும். அந்த நிலையில் உடலுறவின் மூலம்கூட இன்னொருவருக்குப் போகாது என்று மருத்துவ விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது. இந்த மாத்திரை 2004 ஏப்ரலிலிருந்து சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்கப்பட்டு வருகிறது. ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் மற்றவர்களைப்போலவே நீண்டநாள் வாழ்கிறார், வேலை செய்கிறார். பஞ்சுத் தூசியை வருஷக்கணக்கில் இழுத்து நெஞ்சு கெட்டுப்போகும் நோய் ஒன்று மில்லுக்குள்ளேயே பிறக்கிறது. அதைக் கண்டுபிடிக்க இவ்வளவு சிரத்தையோடு எந்த முதலாளியும் முகாம் போட்டு நாம் பார்த்ததில்லை.

இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதல் கண்டுபிடிக்கப்பட்டது 1986இல், நமது சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த டாக்டர் நிர்மலாவும் எடுத்த ரத்த மாதிரிகளில் அது தெரிந்தது. அன்றைய அதிகார வர்க்கத்துக்குத் தோன்றிய வைத்தியம் பூட்டும் சாவியும்தான். கோவாவில் டொமினிக் டிசூசா என்ற இளைஞர் ரத்ததானம் செய்து வந்தவர். அந்த ரத்தத்தில் கிருமி தெரிந்ததென்று 1989இல் போலீசைவிட்டு அவரைப் பிடித்து, ஒரு பழைய காசநோய் ஆஸ்பத்திரியில் 64 நாள் தனியாக அடைத்து வைத்தார்கள். அவருடைய தாயார் பம்பாய் ஹைகோர்ட்டுக்குப் போனார். அடைத்துவைக்க அதிகாரம் கொடுத்த சட்டம் செல்லும் என்றே கோர்ட்டு சொல்லிற்று.  டிசூசா 1992இல் இறந்தார். ரத்தம் கொடுத்தவனுக்குச் சர்க்கார் கொடுத்த பரிசு!

பிறகு திருப்பம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு கேஷுவல் தொழிலாளியிடமிருந்து. ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் வருஷக்கணக்கில் தினக்கூலியாக உழைத்தவர். நிரந்தரமாக்க வேண்டிய நேரத்தில் மருத்துவச் சோதனை வைத்து, கிருமி இருக்கிறது என்று வெளியே தள்ளினார்கள். அவர் வழக்குப் போட்டார். பெயரை வெளியிடாமல் எழுத்துக்களால் மட்டும் குறிப்பிட்டு வழக்கு நடத்தக் கோர்ட்டு அனுமதித்தது. வேலை செய்ய உடலில் தெம்பிருக்கிறவனை, மற்றவருக்கு அபாயமில்லாதவனை, கிருமி என்று சொல்லி விலக்க முடியாது என்று 1997இல் பம்பாய் ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது. இன்றைய சட்டத்தில் வேலை பற்றிய ஷரத்தைப் படித்தால் அந்தத் தீர்ப்பின் சாயல் தெரியும். பெரிய மனிதர் யாரும் இரக்கப்பட்டுப் போட்ட பிச்சையல்ல அது. கூலித் தொழிலாளி ஒருவர் போராடி வாங்கியது.

அப்படியும் சட்டம் வர இருபது வருஷம் ஆயிற்று. ராஜ்ய சபையில் 2014இல் வைக்கப்பட்ட மசோதா மூன்று வருஷம் கிடந்தது. வந்த சட்டத்திலும் ஓட்டைகள். மருந்தும் சோதனையும் கொடுப்பது சர்க்காரின் கடமை என்று சொன்ன இடத்தில், ‘இயன்றவரை’ என்று ஒரு சொல்லைச் செருகிவிட்டார்கள். இயன்றவரை! 2022 ஜூலையில் டில்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் காரியாலயத்தில், மாத்திரை கிடைக்கவில்லை என்று நோயாளிகள் வாரக்கணக்கில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. பார்லிமெண்டில் இந்தச் சொல்லை எதிர்த்துப் பேசியவர்கள் எதற்காகப் பேசினார்கள் என்பது அப்போது விளங்கியிருக்கும்.

இன்னொரு ஓட்டை, நூறு பேர் என்ற கணக்கு. வித்தியாசம் காட்டக் கூடாது என்ற தடை எல்லோருக்கும் பொருந்தும். ஒரே ஒரு ஆள் வைத்து வேலை வாங்குகிறவனுக்கும் பொருந்தும். ஆனால் ஸ்தாபனத்துக்குள்ளேயே புகார் அதிகாரி வைக்க வேண்டுமென்பது நூறு பேருக்கு மேல்தான். ஆஸ்பத்திரி போன்றவற்றுக்கு மட்டும் இருபது. முந்நூறு பேர் வேலை செய்யும் ஆலையில் நாலு காண்டிராக்டர்களைக் காட்டி, ஆளுக்கு எழுபத்தைந்து பேர் என்று கணக்கெழுதுகிற வித்தையை நமது முதலாளிகளுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. நடவு வயலில் புகார் அதிகாரி ஏது? வரப்பிலா உட்காருவார்?

ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். முப்பது நாளில் உத்தரவு போட வேண்டும். உயிர் போகும் அவசரமானால் கூடியவரை 24 மணி நேரத்தில். உத்தரவை மீறுகிறவனுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு ஐயாயிரம் வரை. ஏட்டில் நன்றாகத்தான் இருக்கிறது. ஏடு ஏட்டிலேயே இருப்பதைச் சுப்ரீம் கோர்ட்டே கவனித்தது. ராணுவ ஆஸ்பத்திரியில் ஏற்றப்பட்ட ரத்தத்தால் கிருமி பெற்ற ஒரு விமானப்படை வீரர், இருபது வருஷம் கழித்து, 2023 செப்டம்பரில், ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு பெற்றார். அந்தத் தீர்ப்பிலேயே, இந்தச் சட்டத்தை ஒழுங்காக அமல் நடத்தும்படி மத்திய, மாநில சர்க்கார்களுக்குக் கோர்ட்டு கட்டளைகள் போட்டது. சட்டம் அமலுக்கு வந்து ஐந்து வருஷம் கழித்து!

நமது பக்கத்தில் நடந்ததையும் மறக்கக் கூடாது. 2018 டிசம்பரில் சாத்தூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கிருமியுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. ஊரே கொதித்தது. மதுரையிலுள்ள ஹைகோர்ட்டுக் கிளை 2019இல் அவருக்கு நஷ்டஈடு கொடுக்க உத்தரவிட்டது. நியாயம். ஆனால் அந்த ரத்தத்தைக் கொடுத்த இளைஞர் என்ன ஆனார்? வெளிநாட்டு வேலைக்குப் போக மருத்துவச் சோதனை செய்தபோதுதான் தமக்குக் கிருமி இருப்பது அவருக்கே தெரிந்தது. தெரிந்ததும் அவர் ஓடி ஒளியவில்லை. தாம் கொடுத்த ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடக் கூடாதே என்று தாமாகவே தகவல் சொன்னார். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் அவர் தற்கொலை செய்துகொண்டார். அவருக்கு வக்கீல் இல்லை. ஆலோசனை சொல்ல ஆள் இல்லை. அவருக்கு ஆகவேண்டியிருந்த சட்ட உதவியை எந்த ஆராய்ச்சியின் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இதுவரை சொன்னது எச்.ஐ.வி. பற்றி. மருந்தும் உண்டு, ஏட்டளவிலாவது சட்டமும் உண்டு. இனிச் சொல்லப்போவது சட்டமே இல்லாதவர்களைப் பற்றி.

பி வகை, சி வகை மஞ்சள் காமாலைக் கிருமிகள். டாக்டர்கள் ஹெபடைடிஸ் என்பார்கள். வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் ஈரலில் தங்கும் கிருமிகள் இவை. எச்.ஐ.வி. உள்ளவர்கள் இந்தியாவில் 25 லட்சத்துக்குச் சற்று மேல். பி வகைக் கிருமி உள்ளவர்களோ 2022இல் ஏறக்குறைய மூன்று கோடிப் பேர், சி வகை உள்ளவர்கள் சுமார் 55 லட்சம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. பெரும்பாலோருக்குத் தங்களிடம் இருப்பதே தெரியாது. சி வகையை இப்போது மூன்று மாத மாத்திரையில் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். பி வகை அடியோடு போவது அபூர்வம். ஆனால் பலருக்கு மாத்திரைகூட வேண்டியதில்லை, அவ்வப்போது சோதித்துவந்தால் போதும், தேவைப்படுகிறவர்களுக்கு நல்ல மாத்திரை இருக்கிறது. 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். பி வகை வராமல் தடுக்கத் தடுப்பூசியே இருக்கிறது. இவையும் ரத்தத்தால் பரவுகிறவை. பி வகை உடலுறவாலும், தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும். சேர்ந்து உண்பதாலோ, ஒரே டம்ளரில் குடிப்பதாலோ பரவாது.

மூன்றரைக் கோடிப் பேர்! 2017ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களில் ஒருவரையும் தொடவில்லை. அது எச்.ஐ.வி.க்கு மட்டுமான சட்டம். ‘உன் ரத்தத்தில் பி இருக்கிறது, வேலை இல்லை’ என்று ஒரு தனியார் முதலாளி சொன்னால், அதைத் தடுக்க இவர்களுக்கென்று எழுதிய ஒரு ஷரத்தும் இந்நாட்டில் இல்லை.

கீழத் தஞ்சையில் ஒரு விவசாயத் தொழிலாளி குடும்பம். மகனை வளைகுடா நாட்டுக்கு அனுப்பக் கடன் வாங்கி ஏஜெண்டிடம் பணம் கட்டினார்கள். அந்த நாடுகளுக்குப் போகுமுன் நடக்கும் மருத்துவச் சோதனையில் எச்.ஐ.வி., பி, சி எல்லாமே பார்க்கப்படுகின்றன. இருந்தால் ‘தகுதியில்லை’ என்று முத்திரை. பையனுக்கு பி வகை. ஈரல் நன்றாக இருக்கிறது, மாத்திரையே வேண்டாம் என்கிறார் சர்க்கார் டாக்டர். பணத்தைத் திருப்பிக் கேட்டால், "மெடிக்கலில் விழுந்தது உங்கள் தப்பு" என்கிறான் ஏஜெண்டு. லைசென்ஸ் வாங்காமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பது 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி குற்றம். இவனிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்றுகூட அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. விஷயம் தெருவுக்குத் தெரிந்தது. டீக்கடையில் அந்தப் பையனுக்கு மட்டும் பேப்பர் கப்!

தோழர்களே, இது எந்த மண்? சாதியின் பெயரால் தனிக் கிளாஸ் வைத்ததை எதிர்த்து, சாணிப்பாலும் சவுக்கடியும் தாங்கி, செங்கொடிச் சங்கம் போராடிய மண் அல்லவா? போன கிளாஸ் நோயின் பெயரால் திரும்பி வருகிறது. அதைப் பார்த்துக்கொண்டு அதே கடையில் டீ குடிக்கிறவர்களில் நமது சங்க உறுப்பினர்களும் இருக்கிறார்கள்.

சட்டம் போட்டால் முடியாததா? சீனாவில் பி வகைக் கிருமி உள்ளவர்கள் கோடிக்கணக்கானோர். 2003இல் அன்ஹுய் மாகாணத்து வூஹூ நகரில், சர்க்கார் வேலைப் பரீட்சையில் தேறிய ஓர் இளைஞரைக் கிருமியைக் காட்டி நிராகரித்தார்கள். அவர் வழக்குப் போட்டார். நிராகரித்தது தவறென்று அடுத்த ஆண்டே தீர்ப்பு வந்தது. கிருமி உள்ளவர்கள் ஒன்றுசேர்ந்து மகஜர்கள் அனுப்பினார்கள். 2005இல் சர்க்கார் வேலைக்கான மருத்துவ விதிகள் திருத்தப்பட்டன. 2010இல் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சேரும்போது பி வகைச் சோதனை செய்வதே பொதுவில் தடைசெய்யப்பட்டது. அதோடு அங்கே ஒதுக்குதல் அடியோடு ஒழிந்தது என்று நாம் சொல்லவில்லை. தடை இருக்கிறது, அதைக் காட்டிச் சண்டை போட முடிகிறது என்கிறோம். பணக்காரர்களின் சொர்க்கமான அமெரிக்காவில்கூட, பி வகையைக் காட்டி இருவருக்கு மருத்துவப் படிப்பில் இடம் மறுத்த சர்வகலாசாலை, 2013இல் ஊனமுற்றோர் சட்டத்தின் கீழ் நஷ்டஈடு கொடுத்து இணங்க வேண்டி வந்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பை பி, சி வகை உள்ளவர்களுக்கும் விரிக்க வேண்டும் என்று நாம் கேட்பதில் ஆகாயத்தைக் கேட்கும் அதிசயம் ஒன்றுமில்லை.

சில தோழர்கள் கேட்கிறார்கள்: "கூலி, போனஸ், வேலைநிரந்தரம் என்று தலைக்குமேல் பிரச்சினை இருக்க, இதெல்லாம் தனிப்பட்டவர்களின் நோய்நொடி சமாசாரம்தானே?" பதினான்கு வருஷ சர்வீஸ் ஆளை ஒரு சொட்டு ரத்தத்தால் வெளியே தள்ளி, அந்த இடத்தில் காண்டிராக்டு ஆளை வைக்க முடியுமென்றால், அது ஆட்குறைப்பு அல்லாமல் வேறென்ன? நோட்டீஸ் இல்லாத, நஷ்டஈடு இல்லாத, வேலைநிறுத்தமே வராத ஆட்குறைப்பு! இதைவிட மலிவான ஆட்குறைப்பு முதலாளிக்கு எங்கே கிடைக்கும்? ‘கெட்ட நடத்தையால் வந்த நோய்’ என்ற பேச்சும் நமக்கு வேண்டாம். நடத்தையை விசாரிக்க நாம் சங்கம் வைக்கவில்லை.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? முதலில் கேட்க வேண்டும். பிரெஞ்சுத் தொழிலாளிகளுக்காக 1880இல் காரல் மார்க்ஸ் சுமார் நூறு கேள்விகள் கொண்ட விசாரணைத் தாள் ஒன்றைத் தயாரித்தார். தொழிலாளியின் கஷ்டத்தை முழுவதும் அறிந்து சொல்லக்கூடியவன் தொழிலாளியே என்பதுதான் அதன் அடிப்படை. கட்டுகளை எண்ணுகிற ஆராய்ச்சிக்கு நேர்மாறான வழி அது. நமது ஜில்லாவில் மில் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் சேர்ந்து அப்படி ஒரு விசாரணை நடத்துவதென்று முடிவு செய்திருக்கிறோம்.

‘உனக்கு என்ன சட்ட உதவி வேண்டும்?’ என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். சட்டம் என்றாலே போலீசும் கோர்ட்டும்தான் ஜனங்கள் மனதில் வருகிறது. என்ன நடந்தது, யாரிடம் சொன்னீர்கள், யாரிடம் சொல்லப் பயப்பட்டீர்கள், எதை இழந்தீர்கள் என்று கேட்டால் பேச்சு வருகிறது. இப்போதே சிலரிடம் பேசிப் பார்த்தோம். ஒருவர்கூட முதலில் நஷ்டஈடு கேட்கவில்லை. லாரி டிரைவர் கணவரை இழந்த ஒரு பெண்மணி, மாமனார் வீட்டிலிருந்து தன்னையும் பிள்ளைகளையும் வெளியேற்றாமல் இருந்தால் போதும் என்றார். கூட்டாக வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமை 2017ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது என்று சொன்னபோது, நம்ப முடியாமல் இரண்டு தடவை கேட்டார். இன்னொருவர் கேட்டது ரேஷன் கார்டு. எச்.ஐ.வி. உள்ள ஏழைக் குடும்பங்களுக்கு அந்தியோதயா கார்டில் முன்னுரிமை கொடுக்கும்படி மத்திய சர்க்கார் 2009இலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. தாலுகா ஆபீஸில் கியூவில் நின்று ‘எனக்கு இந்த நோய்’ என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லாமல் அதை வாங்க ஒரு வழி வேண்டும் என்பதுதான் அவருடைய கோரிக்கை.

மில் தொழிலாளிகள் ஈ.எஸ்.ஐ.யைப் பற்றிக் கேட்கிறார்கள். சாதாரண நோய்க்காலப் பணம் வருஷத்தில் 91 நாள். நீண்டகால நோய்கள் என்று 34 நோய்களுக்கு, சம்பளத்தில் நூற்றுக்கு எண்பது வீதம் இரண்டு வருஷம் வரை கிடைக்க வழி உண்டு. எய்ட்ஸும் முற்றிய ஈரல் நோயும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் இரண்டு வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும். சந்தாவும் 156 நாளுக்குக் கட்டியிருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கொரு முறை பெயரை வெட்டி மறுபடி சேர்க்கப்படுகிற காண்டிராக்டுத் தொழிலாளிக்கு இரண்டு வருஷம் எங்கே சேரும்? இந்தக் கதவு அடைபட்டதால் எத்தனை பேர் திரும்பினார்கள் என்பதை விசாரணையில் தனியாகக் கேட்க வேண்டும்.

வக்கீல் பீஸுக்குப் பயந்து நிற்கிறவர்களுக்கு ஒன்று. 1987ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டத்தின்படி தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள் மட்டுமல்ல, ஆலைத் தொழிலாளி என்ற முறையிலேயே ஒருவர் இலவச வக்கீல் கேட்கலாம். வருமானச் சான்று தேவையில்லை. ஜில்லா கோர்ட்டு வளாகத்திலேயே அந்த ஆபீஸ் இருக்கிறது.

மில்லில் மருத்துவ முகாம் போட்டால், எதைச் சோதிக்கிறாய், முடிவு யார் கைக்குப் போகும் என்று எழுதித் தரும்படி கமிட்டித் தோழர்கள் முதலிலேயே கேட்க வேண்டும். புகார் அதிகாரியின் பெயரைக் கேட்டு ஒவ்வொரு மில் சங்கமும் கடிதம் கொடுக்க வேண்டும். சங்கத்தின் பெயரில் போகும் கடிதத்துக்கு எந்தத் தொழிலாளியின் வீட்டு விலாசமும் வேண்டியதில்லை.

விசாரணை அடுத்த மாதம் முதல் வாரத்தில் தொடங்குகிறது. ஒவ்வொரு கிளையும் இரண்டு தோழர்களைத் தேர்ந்தெடுக்கட்டும். ஒருவர் பெண் தோழராக இருப்பது அவசியம். வாய் காக்கத் தெரிந்தவர்களாகப் பார்த்துப் போடுங்கள். மேடையில் நன்றாகப் பேசுகிறவர் இந்த வேலைக்கு ஆகாமல் போகலாம். வீட்டுக்குப் போகக் கூடாது. அவர்கள் சொல்லும் இடத்துக்கு, அவர்கள் சொல்லும் நேரத்துக்குப் போக வேண்டும். தாளில் பெயர், ஊர், மில், தெரு எதுவும் எழுதக் கூடாது. செய்யும் வேலை, சர்வீஸ், நடந்த விஷயம், இவை போதும். எழுதிய தாள்களைத் தபாலில் போட வேண்டாம்; ஜில்லாக் காரியாலயத்துக்கு ஆள் மூலமே கொடுத்தனுப்புங்கள்.